தைத்தவரின் பெயர்: ஹார்லெம் கறுப்பர் ஃபேஷன் அருங்காட்சியகத்தின் காட்சிகளும் சமூகச் செயற்பாடுகளும்

ஆய்வுச் சுருக்கம்

ஆடை வரலாற்று அருங்காட்சியகங்களில் ஓர் ஆடை பெரும்பாலும் உடுத்தியவரின் பெயராலோ, புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் பெயராலோ அறியப்படுகின்றது. தைத்தவர் மறைந்துபோகிறார். நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் 1979இல் லோயிஸ் கே. அலெக்ஸாண்டர் லேன் நிறுவிய கறுப்பர் ஃபேஷன் அருங்காட்சியகம் இவ்வழக்கத்தை மாற்ற முயன்றது. அதற்குப் 13 ஆண்டுகளுக்கு முன்பே அவர் தொடங்கிய தையற்பள்ளிதான் அம்முயற்சிக்கு அறிவுத்தளமாக இருந்தது என்பதையும், சேகரிப்பு தேசிய நிறுவனம் ஒன்றைச் சென்றடைந்தபோது அந்தத் தளம் உடன்செல்லவில்லை என்பதையும் இக்கட்டுரை விவாதிக்கின்றது.

திறவுச்சொற்கள்: ஆடை வரலாறு, அருங்காட்சியகவியல், காட்சிப்படுத்தல், தையல் உழைப்பு, கறுப்பர் வரலாறு, நகல் ஆடை

முன்னுரை

2025 மே மாதம் நியூயார்க் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்தின் காஸ்ட்யூம் இன்ஸ்டிட்யூட், கறுப்பின ஆண்களின் உடை நேர்த்தியை மையமாகக் கொண்ட ‘சூப்பர்ஃபைன்: டெய்லரிங் பிளாக் ஸ்டைல்’ என்னும் காட்சியைத் தொடங்கியது. பார்னார்ட் கல்லூரிப் பேராசிரியர் மோனிகா எல். மில்லர் 2009இல் வெளியிட்ட ஆய்வுநூல் அதற்கு அடிப்படை. அவரே விருந்தினர் காப்பாட்சியராகவும் இருந்தார். தொடக்கத்தையொட்டி நடந்த நிதிதிரட்டு விருந்தில் 3 கோடியே 10 லட்சம் டாலர் சேர்ந்தது. அவ்விருந்தின் வரலாற்றில் அதுவரை சேர்ந்தவற்றுள் அதுவே மிகப்பெரிய தொகை. கறுப்பினத்தவரின் ஆடை வரலாறு ஒரு பேரருங்காட்சியகத்தின் வாயிலைக் கடந்த தருணமாக இது பேசப்பட்டது. அப்பேச்சில் நியாயம் உண்டு. எனினும் அதே நகரின் வடபகுதியில், 126ஆம் தெருவில், 46 ஆண்டுகளுக்கு முன்னரே கறுப்பினத்தவரின் ஆடைகளுக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டிருந்தது. 2025ஆம் ஆண்டுக் காட்சியைப் பற்றிய ஆரவாரத்தில் அது மிகக் குறைவாகவே நினைவுகூரப்பட்டது.

எது முதலில் வந்தது என்பதன்று இங்குள்ள வினா. இரு நிறுவனங்களும் ஆடையை வெவ்வேறு பக்கங்களிலிருந்து நோக்கின. ஒன்று ஆடையை உடுத்திய உடலிலிருந்து தொடங்கியது. மற்றொன்று ஆடையைத் தைத்த கையிலிருந்து தொடங்கியது. இவ்வேறுபாடு காட்சியமைப்பை மட்டுமன்றி, ‘சமூகச் செயற்பாடு’ என்று அருங்காட்சியகவியல் அழைப்பதன் பொருளையும் தீர்மானிக்கின்றது. பன்னாட்டு அருங்காட்சியகப் பேரவை 2022 ஆகஸ்டில் பிராகா நகரில் ஏற்ற புதிய வரையறை, சமூகங்களின் பங்கேற்பை அருங்காட்சியகத்தின் இயல்புகளுள் ஒன்றாகச் சேர்த்தது. நடைமுறையிலோ பங்கேற்பு என்பது காட்சி முடிவான பின்னர் அதனோடு ஒட்டவைக்கப்படும் பயிற்சி முகாமாகவும் பள்ளி மாணவர் வருகையாகவும் சுருங்கிவிடுவதுண்டு. ஹார்லெமில் வரிசை தலைகீழாக இருந்தது. பள்ளி முதலில் வந்தது, அருங்காட்சியகம் பின்னர் வந்தது.

பெயர் விடுபட்ட திருமண ஆடை

1953 செப்டம்பர் 12 அன்று நியூபோர்ட்டில் ஜான் எஃப். கென்னடிக்கும் ஜாக்குலின் புவியேவுக்கும் நடந்த திருமணம் அமெரிக்க இதழ்களின் முதற்பக்கங்களை நிறைத்தது. மணமகளின் ஆடை ஏறத்தாழ 50 கெஜம் தந்தநிறப் பட்டு டாஃபெட்டாவால் ஆனது. அதன் மடிப்புகளும் பாவாடையில் வட்டவட்டமாக அமைந்த சுருக்கங்களும் செய்திகளில் நுணுக்கமாக வருணிக்கப்பட்டன. நியூயார்க் டைம்ஸ் தந்த விரிவான வருணனையில் அதனைத் தைத்தவரின் பெயர் இல்லை. தைத்தவர் ஆன் லோ. அலபாமா மாநிலத்தின் கிளேட்டனில் பிறந்தவர், தாயிடமும் பாட்டியிடமும் தையல் கற்றவர். 1917இல் நியூயார்க்கில் ஒரு வடிவமைப்புப் பள்ளியில் சேர்ந்தபோது, கறுப்பினத்தவர் என்பதால் மற்ற மாணவியரிடமிருந்து பிரித்துத் தனியறையில் உட்காரவைக்கப்பட்டார். பின்னாளில் நியூயார்க்கின் பெருஞ்செல்வக் குடும்பங்கள் பல, தம் பெண்களின் விழா ஆடைகளுக்காக அவரை நாடின.

திருமணத்திற்குப் பத்து நாட்கள் முன்பு, லோவின் பணியறையில் குழாய் வெடித்துத் தண்ணீர் புகுந்தது. மணமகளின் ஆடையும் தோழியரின் ஆடைகளுள் பெரும்பாலானவையும் பாழாயின. லோவும் அவருடைய தையற்பெண்களும் அனைத்தையும் மறுபடி வெட்டித் தைத்தனர். ஆதாயமாக வந்திருக்க வேண்டிய தொகை ஏறத்தாழ 2,200 டாலர் இழப்பாக மாறியது. இந்நிகழ்ச்சியைத் துயரக் கதையாக மட்டும் படிப்பது போதாது. உலகம் கண்ட ஆடை இரண்டாம் முறை தைக்கப்பட்டது. அந்தப் பத்து நாட்களின் உழைப்பு ஆடையின் ஒவ்வொரு மடிப்பிலும் உள்ளது. உடுத்தியவரின் வரலாற்றுக்குள் இவ்வுழைப்புக்கு இடமில்லை. தைத்தவரின் வரலாற்றில் இதுவே மையம். 1961இல் ஒரு மகளிர் இதழ் இந்த ஆடையைப் பற்றி எழுதியபோதும் நிறத்தையும் தொழிலையும் சுட்டி நிறுத்திக்கொண்டது, பெயரைச் சொல்லவில்லை.

ஆடை வரலாற்றாய்வாளர் லூ டெய்லர், ஆடைகளைச் சேகரிப்பதும் ஆராய்வதும் பெண்களுக்குரிய சிறுபணியாகக் கருதப்பட்டுப் பேரருங்காட்சியகங்களில் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்ததை விரிவாகக் காட்டியுள்ளார். ஆடையே ஒதுக்கப்பட்ட இடத்தில் தையலின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் கறுப்பினப் பெண்ணின் தையல் பாலினம், இனம், கைத்தொழில் என மூன்று அடுக்குகளுக்குக் கீழே கிடந்தது.

ஹார்லெமின் பள்ளியும் காட்சிக்கூடமும்

லோயிஸ் அலெக்ஸாண்டர் 1916இல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் பிறந்தவர். ஆடைக்கடை நடத்தியவர், அரசுப் பணியிலும் இருந்தவர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1963இல் அவர் அளித்த முதுகலை ஆய்வேடு, 1863 முதல் நியூயார்க் சில்லறை வணிகத்தில் கறுப்பினத்தவர் ஆற்றிய பங்கைப் பற்றியது. ஃபேஷன் துறையில் கறுப்பினத்தவர் புதிதாகக் கண்டெடுக்கப்பட்ட திறமையாளர்கள் என்ற கருத்து அக்காலத்தில் பரவலாக இருந்தது. பாராட்டுப் போலத் தோன்றும் இக்கருத்து, நூறாண்டுக்கும் மேலான உழைப்பை ஒரே வீச்சில் இல்லையென்றாக்கிவிடுகின்றது. அலெக்ஸாண்டரின் ஆய்வேடும், 1982இல் அவர் வெளியிட்ட ஃபேஷன் வரலாற்றில் கறுப்பர் பற்றிய நூலும், அவரது அருங்காட்சியகமும் இக்கருத்துக்கு எழுதிய மறுப்பின் மூன்று பகுதிகள் எனலாம்.

ஆய்வேட்டுக்கும் அருங்காட்சியகத்துக்கும் இடையில் நிற்பது பள்ளி. 1966இல் தொடங்கப்பட்ட ஹார்லெம் ஃபேஷன் நிறுவனத்தில் தையல், தொப்பி செய்தல், ஆடவர் உடை தைத்தல் ஆகியவை கட்டணமின்றிக் கற்பிக்கப்பட்டன. ஆங்கிலம், கணிதம், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு ஆகியவற்றுக்கும் அங்கு இடமிருந்தது. கணிதமும் வரலாறும் தையற்பள்ளியில் ஏன் என்று கேட்போர் ஒருமுறையேனும் அளவெடுத்துத் துணி வெட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். உடலின் வளைவைத் தட்டையான துணிமீது கணக்கிடுவதுதான் வெட்டும் கலை. தான் கற்கும் கலை எங்கிருந்து வந்தது என்று அறிவதும் அக்கல்வியின் பகுதியே.

இந்தப் பள்ளியிலிருந்து வளர்ந்ததால் 1979இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தின் காட்சிப்பொருள்களுக்குத் தனித்தன்மை ஒன்று வாய்த்தது. அடிமைக் காலத்துச் சிறுமி ஒருத்தி உடுத்தியதாகப் பதிவான ஆடை, ஆன் லோவின் விழா உடைகள், ‘தி விஸ்’ என்னும் இசை நாடகத்திற்காக ஜெஃப்ரி ஹோல்டர் உருவாக்கிய ஆடைகள் ஆகியவை ஒரே கூரையின்கீழ் இருந்தன. ஹோல்டர் அந்த ஆடைகளுக்காக 1975இல் டோனி விருது பெற்றவர். கலை அருங்காட்சியகத்தின் அளவுகோலில் இவை ஒரே வரிசையில் நிற்க முடியாதவை. ஒன்று வறுமையின் துணி, ஒன்று செல்வரின் பட்டு, ஒன்று மேடை அலங்காரம். தைத்த கையின் வரலாற்றில் இவை மூன்றும் ஒரே தொடர். ஆன் லோ 1981இல்தான் மறைந்தார். ஆகவே அவர் உயிரோடிருந்த காலத்திலேயே தைத்தவர்களின் பெயரை முன்னிறுத்தும் ஓர் அருங்காட்சியகம் அவரது நகரில் உருவாகிவிட்டது. நியூயார்க் டைம்ஸ் விட்டுவிட்ட பெயர், 126ஆம் தெருவில் காட்சிக்கான காரணமாகவே அமைந்தது.

நகல் ஆடை: குறையா, முறையா?

அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் கூர்ந்து நோக்கத்தக்க பொருள், மேரி லிங்கனுக்காக எலிசபெத் கெக்லி தைத்த ஆடையின் நகல். 1818இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர் கெக்லி. செயின்ட் லூயிஸ் நகரில் தையலால் தன்னை வைத்திருந்த குடும்பத்தையே தாங்கினார். 1855இல் 1,200 டாலர் கொடுத்துத் தன் விடுதலையையும் மகனின் விடுதலையையும் பெற்றார். வாடிக்கைப் பெண்களிடம் கடனாகப் பெற்ற அத்தொகையைத் தைத்தே அடைத்தார். 1861 முதல் வெள்ளை மாளிகையில் மேரி லிங்கனின் ஆடைகளைத் தைத்தார். 1868இல் தன்வரலாற்று நூல் ஒன்றும் எழுதினார்.

கலை அருங்காட்சியக மரபில் நகல் என்பது மூலம் கிடைக்காதபோது வைக்கும் இடநிரப்பி. விளக்க அட்டையில் ‘நகல்’ என்று கண்டதும் பார்வையாளர் அடுத்த பெட்டிக்கு நகர்வது வழக்கம். தையற்பள்ளியோடு இணைந்த அருங்காட்சியகத்தில் நகலின் தகுதி வேறு. ஒரு பழைய ஆடையை மறுபடி தைப்பவர், தையல் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது, எந்த இடத்தில் உள்துணி சேர்க்கப்பட்டது, எந்தச் சுருக்கம் கையால் இழுக்கப்பட்டது என்பவற்றை ஒவ்வொன்றாக முடிவுசெய்ய வேண்டும். இது படியெடுத்தல் அன்று, ஒருவகை வாசிப்பு. ஓலைச்சுவடியைப் படியெடுத்தவரே அதன் முதல் வாசகராகவும் முதல் உரைகாரராகவும் ஆனதைத் தமிழ் ஆய்வுலகம் நன்கு அறியும். அந்நிலையோடு இதனை ஒப்பிடுவது மிகையாகாது. மூலத்தைப் பெற வசதியற்ற சிறு நிறுவனம் நகலால் சமாளித்தது என்னும் விளக்கம் பாதி உண்மையே. மறுபாதி, நகலைத் தைக்கத் தெரிந்த சமூகம் அந்நிறுவனத்தைச் சுற்றி இருந்தது என்பது.

நாற்பதாண்டுகளுக்குப் பின் இம்முறை உயராய்வு வட்டாரத்தின் ஏற்பைப் பெற்றது. டெலவேரிலுள்ள வின்டர்தர் அருங்காட்சியகம் 2023இல் ஆன் லோவைப் பற்றிய பெருங்காட்சியை நடத்தியபோது, கென்னடி திருமண ஆடையின் மூலம் நலிந்த நிலையில் இருந்ததால் அதன் நகல் ஒன்று பல்கலைக்கழகத் துணையோடு தைத்து வைக்கப்பட்டது. நகல் தைப்பது இப்போது ஆய்வு முறையாகப் பாராட்டப்படுகின்றது. இப்பாராட்டின் ஒரு பங்கு ஹார்லெமுக்கும் உரியது.

கெக்லியைத் தேர்ந்தெடுத்ததில் மற்றொரு பொருத்தமும் உண்டு. அவர் 1892இல் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் தையல், மனையியல் துறையின் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் அத்துறையின் கைவேலைகள் இடம்பெற்றன. தைப்பவர் கற்பிப்பவராகிப் பின் காட்சிப்படுத்துபவராகவும் ஆன இப்பாதையையே முக்கால் நூற்றாண்டுக்குப் பின் லோயிஸ் அலெக்ஸாண்டரும் சென்றார்.

காஸ்ட்யூம் இன்ஸ்டிட்யூட்: ஓர் ஒப்பீடு

காஸ்ட்யூம் இன்ஸ்டிட்யூட்டை விருந்துகளின் நிறுவனமாக மட்டும் காண்பது எளிது, ஆனால் முழுமையானதன்று. அதன் வேரும் ஒரு சமூகச் செயற்பாட்டில்தான் உள்ளது. ஐரீன் லூயிசோனும் அவர் சகோதரி ஆலிசும் மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியில், புலம்பெயர்ந்தோர் நெருங்கி வாழ்ந்த கிராண்ட் தெருவில், 1915இல் ஒரு நாடக அரங்கைத் திறந்தனர். ஹென்றி தெரு நல்வாழ்வு மையத்தில் அவர்கள் நடத்திய வகுப்புகளிலிருந்து வளர்ந்தது அது. மேடை ஆடைகள்மீது ஐரீன் கொண்ட ஈடுபாட்டிலிருந்து 1937இல் ஆடைக்கலை அருங்காட்சியகம் பிறந்தது. 1946இல் அது மெட்ரோபாலிடனோடு இணைந்தது. 1948இல் நிதிதிரட்டு விருந்து தொடங்கியது, அனுமதிச்சீட்டு 50 டாலர். 2025இல் அது 75,000 டாலர்.

இவ்விரு தொகைகளுக்கிடையில் நிகழ்ந்த மாற்றத்தை விலைவாசி உயர்வு விளக்காது. 1972இல் டயானா விரீலண்ட் சிறப்பு ஆலோசகராக வந்தபின் ஆடைக் காட்சி பெருங்கூட்டத்தை ஈர்க்கும் நிகழ்வாயிற்று. 1983இல் நடந்த இவ் சான் லோரான் காட்சி, உயிருடன் தொழில் செய்துகொண்டிருந்த ஒரு வடிவமைப்பாளரின் விற்பனைக்கு அருங்காட்சியகம் துணைபோகலாமா என்ற கடும் விமரிசனத்தை எழுப்பியது. அருங்காட்சியகத்தின் பிற துறைகளைப் போலன்றி இந்நிறுவனம் தன் செலவைத் தானே ஈட்ட வேண்டியிருப்பதால், புகழ்பெற்ற உடல்களைச் சார்ந்திருப்பது அதன் விருப்பம் என்பதைவிட நிர்ப்பந்தம் எனலாம்.

இப்பின்னணியில் ‘சூப்பர்ஃபைன்’ காட்சியின் தரம் உண்மையிலேயே உயர்ந்தது. ஜோரா நீல் ஹர்ஸ்டன் 1934இல் எழுதிய கட்டுரையை முன்மாதிரியாகக் கொண்டு அது பன்னிரு பகுதிகளாக வகுக்கப்பட்டிருந்தது. உடைமை என்னும் முதற்பகுதி, அடிமையின் உடலே உடைமையாயிருந்த காலத்தையும் அவ்வுடலுக்கு எசமானர் அணிவித்த ஆடம்பரச் சீருடையையும் எதிர்கொள்ள வைத்தது. ஃப்ரெடரிக் டக்ளஸின் வால்கோட்டு, விடுதலை பெற்றவர் தன் உடலைத் தானே உடுத்திக்கொள்ளும் உரிமையை உணர்த்தியது. சலவைக்கும் தையலுக்கும் டூ பாய்ஸ் பணம் செலுத்திய ரசீதுகளை வைத்தது காப்பாட்சியரின் நுண்ணுணர்வுக்குச் சான்று. அந்த ரசீதின் மறுபுறம் ஒரு சலவைக்காரரும் ஒரு தையற்காரரும் நிற்கின்றனர் என்பதைக் காட்சி தொட்டுச்சென்றது. ஆனால் அங்கே தங்கவில்லை. தலைப்பில் ‘டெய்லரிங்’ இருந்தும், அதன் நாயகர் தையற்காரரல்லர், உடுத்தித் தோன்றுபவர். இக்கால வடிவமைப்பாளர்களுக்குப் பெயர் இருந்தது. அவர்களுடைய பணிக்கூடங்களில் காஜா எடுப்பவர்களுக்கு இல்லை. உடை நேர்த்தியை ஆராயும் காட்சியிடம் தையல் உழைப்பின் வரலாற்றைக் கேட்பது பொருத்தமா என்ற மறுப்பு எழலாம். ஒரு காட்சி எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை என்பது சரியே. அந்நகரில் அதைச் சொல்வதற்கென இருந்த இடம் இப்போது இல்லை என்பதால்தான் இக்கேள்வி எழுகின்றது.

ஹார்லெம் காட்சியின் எல்லை

கறுப்பர் ஃபேஷன் அருங்காட்சியகத்தையும் விமரிசனமின்றி ஏற்க இயலாது. கெக்லியின் பெருமையை நிறுவ லிங்கன் குடும்பமும், லோவின் பெருமையை நிறுவக் கென்னடி குடும்பமும் தேவைப்பட்டன. தைத்தவரின் பெயரை மீட்க உடுத்தியவரின் புகழே சான்றாக நிற்க வேண்டியிருந்தது. அக்கம்பக்கத்தாருக்கு ஞாயிற்றுக்கிழமைத் தேவாலய உடை தைத்துக் கொடுத்த ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அத்தகைய சான்று கிடையாது. தைத்தவருக்கும் பின்னால் நெய்தவர் இருக்கிறார். சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்டு ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்னும் பெயரில் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் சென்ற கட்டம்போட்ட துணி, கறுப்பினப் பெண்களின் தலைக்கட்டாக வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. 1786இல் நியூ ஆர்லியன்ஸில் அவர்கள் தலைமுடியை மறைக்க வேண்டும் என்று ஆணையிடப்பட்டபோது, அடையாளமிட வந்த துணியையே அழகாகக் கட்டிக்காட்டினர். அக்கட்டின் அழகைப் பேசும் நூல்கள் உண்டு. துணியில் ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது, நெசவாளியின் பெயர் ஒட்டவில்லை.

இவ்வெல்லையை மீறும் ஒரே பொருள் ரோசா பார்க்ஸின் ஆடை. பூ அச்சிட்ட எளிய துணியில் அமைந்த அதனை, 1955 டிசம்பர் 1 அன்று மான்ட்கோமரியில் பேருந்து இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதாவதற்குச் சற்று முன்னர் அவர் தனக்காகத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு துணிக்கடையின் தையற்பிரிவில் வேலை செய்தவர். பகலெல்லாம் பிறர் ஆடையைத் திருத்தியவர் தனக்கெனத் தைத்தது இது. தைத்தவரும் உடுத்துபவரும் ஒருவரே. கைதான அன்று உடுத்தியிருந்த உடையைச் சேகரிப்பதே எந்த அருங்காட்சியகத்துக்கும் முதலில் தோன்றும். தைத்துக்கொண்டிருந்த ஆடையைப் பாதுகாத்து வைப்பது தையலை அறிந்தோருக்கே தோன்றும். ரோசா பார்க்ஸை ஓர் இருக்கையில் உறைந்த உருவமாக நினைவுகூரும் பொதுவழக்கை, ஊசியும் நூலுமாகப் பாதியில் நின்ற இந்த ஆடை கலைத்துவிடுகின்றது.

சேகரிப்பின் பயணம்

அருங்காட்சியகம் 1994இல் வாஷிங்டனுக்கு, வெர்மான்ட் சாலையிலுள்ள ஒரு வரிசை வீட்டுக்கு இடம்பெயர்ந்தது. நிறுவனர் மறைந்த 2007ஆம் ஆண்டில் அவர் மகள் முழுச் சேகரிப்பையும் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டுத் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடையாக அளித்தார். அப்போது அதற்குக் கட்டடமே எழும்பவில்லை. திறப்பு 2016 செப்டம்பரில்தான். கட்டடத்துக்கு முன்பே அங்கு சேர்ந்த அடிப்படைச் சேகரிப்புகளுள் இதுவும் ஒன்று. ஒளியும் ஈரப்பதமும் பூச்சியும் துணியின் பகைகள். அவற்றிலிருந்து காக்கும் வசதி ஒரு குடும்பத்துக்கு எளிதில் வாய்ப்பதன்று. கொடை நிகழாதிருந்தால் லோவின் ஆடைகள் ஏலக் கூடங்களில் சிதறியிருக்கக்கூடும். ஆகவே இதனை இழப்பு என்று புலம்புவது நேர்மையாகாது.

ஆயினும் எது சென்றது, எது செல்லவில்லை என்பதைப் பிரித்தறிவது ஆய்வின் கடமை. ஆடைகள் சென்றன, பெயர்கள் சென்றன, ஆவணங்கள் சென்றன. ஆடையைக் கண்டதும் அதன் உள்மடிப்பைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்த பார்வையாளரை உருவாக்கிய வகுப்பறை செல்லவில்லை. தேசிய அருங்காட்சியகத்தின் பெட்டிக்கு முன் நிற்பவர் ரோசா பார்க்ஸின் ஆடையை உரிமைப் போராட்டத்தின் நினைவுப்பொருளாகக் காண்பார். அது சரியான காட்சியே. 126ஆம் தெருவில் அதே ஆடையின் முன் நின்ற மாணவி, அதன் தையலைத் தன் தையலோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கக்கூடும். இவ்விரண்டாம் பார்வையைக் கண்ணாடிப் பெட்டியால் அளிக்க இயலாது.

ஸ்மித்சோனியன் பதிவேட்டில் இந்தப் பொருள்கள் ஒவ்வொன்றின் கீழும் கொடைக் குறிப்பு ஒன்று உள்ளது. லோயிஸ் கே. அலெக்ஸாண்டர் லேன் நிறுவிய கறுப்பர் ஃபேஷன் அருங்காட்சியகத்தின் கொடை என்று அது கூறுகின்றது. ஹார்லெம் ஃபேஷன் நிறுவனத்தின் பெயர் அவ்வரியில் இல்லை. அங்கு கற்றவர்கள் எங்கெங்கு வேலைக்குச் சென்றனர், யார் யாருக்குத் தைத்தனர், அவர்களுள் எவர் பிறருக்குக் கற்பித்தனர் என்பவை பொருட்பதிவேட்டில் கிடைக்கமாட்டா. ஹார்லெமின் தேவாலய மலர்களிலும், தையற்கடை விளம்பரங்களிலும், இன்று எழுபது எண்பது வயதிலுள்ள பெண்களின் வாய்மொழியிலும் அவற்றைத் தேட வேண்டியுள்ளது.